மறு: பைன் ஊசியிலையில் ஓசோன் பாதிப்பு – ‘தேமல்’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

ஓசோன் வாயுவால் பைன் ஊசியிலைகளில் தோன்றும் மஞ்சள் திட்டுகளுக்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்மொழிந்த ‘ஓசோன் தேமல்’ எளிய சொல்தான். ஆனாலும் ஏற்க மனம் ஒப்பவில்லை. தேமல் என்றதும் உளுந்து விவசாயிக்கு வெள்ளை ஈயும் அது பரப்பும் வைரஸுமே நினைவுக்கு வரும். ஓசோன் பாதிப்பில் கிருமியும் இல்லை, தொற்றும் இல்லை.

கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலைகளில் 1950களில் பொண்டெரோசா பைன்கள் மஞ்சளித்து நலிந்தன. காரணம் பிடிபடாததால் ‘எக்ஸ் நோய்’ என்றே அழைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் வாகனப் புகை வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகிறது. கடற்காற்று அதை மலைமேல் தள்ளுகிறது. ஓசோனைச் செலுத்திப் பார்த்தபோது அதே அறிகுறி ஊசியிலைகளில் தோன்றியதை 1963இல் வெளியான ஆய்வு காட்டியது.

அறிகுறியைக் கூர்ந்து பார்த்தால்தான் சொல் அமையும். இலைத்துளை வழியே நுழையும் ஓசோன் உள்ளிருக்கும் பச்சையச் செல்களைச் சிதைக்கிறது. வெளியே மஞ்சள் திட்டுகள் தெரிகின்றன, அதுவும் முதிர்ந்த இலைகளில்தான் முதலில். திட்டின் ஓரம் தெளிவாக இராது. மஞ்சள் மெல்லப் பச்சையில் கரைந்துவிடும். குளிர்காலத்தால் விழும் புள்ளிகளோ ஊசியின் மேற்பக்கத்தில் மட்டும், வெட்டினாற்போன்ற ஓரத்துடன் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அந்த ஓரம்தான் துணை. ஆகவே ‘புள்ளி’ உதவாது. பாடநூலில் உள்ள ‘பச்சையச் சோகை’ சத்துக்குறைவால் வரும் வெளிறலையும் சேர்த்துக் குறிப்பதால் மிகப் பொதுவானது.

‘ஓசோன் மங்கல்திட்டு’ என்று பரிந்துரைக்கிறேன்.

கூடவே, இலை உதிராமல் மரத்தில் நிற்கும் காலத்தைக் குறிக்க ‘இலைதங்கு காலம்’ என்ற சொல்லும் நமக்கு வேண்டும். நலமான பொண்டெரோசா நான்கைந்து ஆண்டு இலைகளைத் தாங்கி நிற்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டதில் ஓரிரு ஆண்டு இலைகளே மிஞ்சும். இலை குறைவதால் உணவு குறைந்து, வண்டைத் தடுக்கும் பிசினும் வற்றிய மரத்தைப் பட்டை வண்டு எளிதில் துளைக்கிறது. மரம் பட்டபின் பழி வண்டின்மேல் மட்டும் விழுவது எனக்குப் பெரிய வருத்தம்.

*

வணக்கம் அம்மா.

வைரஸ் பற்றிய உங்கள் மறுப்பு சரியே. ‘தேமலை’த் திரும்பப் பெறுகிறேன். ‘மங்கல்திட்டு’, ‘இலைதங்கு காலம்’ இரண்டும் எனக்கு உடன்பாடு. ஆனால் முன்னே ‘ஓசோன்’ வேண்டாம். காட்டில் குறிப்பெடுப்பவர் கண்ணில் படுவது திட்டு மட்டுமே. செதில் பூச்சி உறிஞ்சிய இடமும் மஞ்சளிக்கும். அறிகுறிக்கு ‘மங்கல்திட்டு’, காரணம் உறுதியான பிறகு ‘ஓசோன் பாதிப்பு’ எனத் தனித்தனிப் பதிவாக வைத்துக்கொள்ளலாமா?