ஓசூர்–சேலம் பைக் பயணம்: கை பழகியிருந்தால் போதுமா, கவசம் வேண்டுமா?

கேள்வி: சேலத்து வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வார இறுதிகளில் கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாகப் பைக்கிலேயே சேலத்துக்கு வந்து போகிறான். அவனோடு பணிபுரிந்த ஒருவர் சென்ற மாதம் அதே சாலையில் விபத்தில் காலமானார். அவரும் பல ஆண்டுகளாக வண்டி ஓட்டியவர்தான். தலைக்கவசம் வைத்திருந்தும் அதை வண்டியின் கண்ணாடியில் மாட்டியிருந்தாராம்.

அன்று முதல் வீட்டில் இதே பேச்சுதான். "கை பழகியிருந்தால் வண்டி நம் சொல் கேட்கும், ஹெல்மெட் போட்டவர்களும்தான் இறக்கிறார்கள்" என்கிறான் தம்பி. அவனுடைய வண்டி பழையது, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாதது. எங்களிடம் இருப்பது அளவான பணம். அதை நல்ல தலைக்கவசத்துக்கும் ஜாக்கெட்டுக்கும் செலவிடுவதா, ஓட்டுநர் பயிற்சிக்குக் கொடுப்பதா, வண்டியையே மாற்றுவதா என்று தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் அவனிடம் அப்படியே காட்டுவேன்.

பதில்: மலைச்சாலைப் பயணி

சகோதரி, உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. விபத்தே நேராமல் தடுப்பது திறமைதான். ஆனால் வளைவில் வண்டியைச் சாய்ப்பதையும் லாரிகளுக்கு நடுவே புகுந்து வருவதையும் பலர் திறமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தேவைப்படும் திறமை பிரேக்கில் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் வலது காலால் பின் பிரேக்கை மட்டுமே அழுத்திப் பழகியவர்கள். முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புறக் கவிழ்ந்துவிடும் என்று சிறு வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த தார்ச்சாலையில், இரண்டு பிரேக்கையும் முறையாகச் சேர்த்துப் பிடித்தால் வண்டி ஏறக்குறைய 20 மீட்டருக்குள் நின்றுவிடும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் 40 மீட்டரைத் தாண்டிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் கழியும் ஒரு நொடியில் ஓடும் 17 மீட்டரை இரண்டு கணக்கிலும் கூட்டிக்கொள்ளுங்கள்.

உரிமம் எடுக்கும்போது எட்டுப் போட்டுக் காட்டுகிறோம். அது மெதுவாகச் செல்லும்போது சமநிலை தவறாமல் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. 50, 60இல் வந்து சட்டென்று நிறுத்தத் தெரியுமா என்பதை அந்த எட்டு காட்டாது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது பின்னால் வரும் கனரக லாரிக்குப் பிரேக் பிடிக்குமா என்பதே நிச்சயமில்லை. அந்த இறக்கத்தில் எங்கே ஓட்டுவது, யாருக்கு முன்னால் போகக் கூடாது என்று அறிந்திருப்பதும் திறமைதான். ஆகவே, பயிற்சிக்கே முதலிடம் என்பேன்.

பதில்: அவசரப் பிரிவுச் செவிலி

மேலே எழுதிய நண்பரின் பிரேக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் சாலையில் தம்பி மட்டுமே இருக்கிறார். ஹாரி ஹர்ட் என்பவரின் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவற்றில் முக்கால் பங்கு வேறொரு வாகனத்துடன் நேர்ந்த மோதல்கள். அந்த மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கு, பைக்குக்கு வழி விட வேண்டிய அந்த மற்ற வாகனம் வழி விடாததால் நேர்ந்தவை. ஓட்டியவருக்குக் கிடைத்த அவகாசம் பொதுவாக இரண்டு நொடிக்கும் குறைவு. மீடியன் இடைவெளியில் ஒரு வண்டி திடீரெனத் திரும்பும்போது எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் கையில் இருப்பது அந்த இரண்டு நொடிதான்.

அதே ஆய்வில், மோதிய கணத்தில் இருந்த வேகத்தின் இடைநிலை அளவு ஏறக்குறைய 35 கிலோமீட்டர், அதாவது பாதி விபத்துகளில் வேகம் அதற்கும் குறைவு. "80இல் போனால் எந்த ஹெல்மெட் காப்பாற்றும்" என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 80இல் போய் நேராகப் பாலச் சுவரில் தலை மோதினால் எந்தக் கவசமும் தாங்காதுதான். ஆனால் வண்டி சறுக்கி விழும்போது தலை தரையில் மோதும் வேகம், பெரும்பாலும் அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. மூளையைக் கலக்கிவிட அதுவே போதும். தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி வாங்கிக்கொள்வது இந்த அடியைத்தான்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வு, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டது. இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டு தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். ஓட்டியவருக்கு எத்தனை திறமை இருந்தாலும் அவர்கள் தலைக்கு அது என்ன செய்யும்?

இன்னொன்றை வேதனையோடு சொல்கிறேன். எங்கள் பிரிவுக்கு ஸ்ட்ரெச்சரில் நோயாளி வருவார், கீறல்கூட அதிகம் இல்லாத ஹெல்மெட்டை உறவினர் தனியே கையில் கொண்டு வருவார். தாடைப் பட்டையைப் பூட்டாததால் அது முதல் அடியிலேயே கழன்று ஓடியிருக்கும். போலீஸைக் கண்டதும் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் முடிகிறது.

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வாளர்

பயிற்சியை நான் மதிக்கிறேன், என் பணிக்காலமெல்லாம் அதற்காகவே பேசியவன். இருந்தாலும் தெரிந்த உண்மையைச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் பயிற்சி விபத்துகளைக் குறைக்கிறதா என்று ஆராய்ந்த மற்றொரு காக்ரேன் தொகுப்பால் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. நார்வேயில் வழுக்கும் சாலையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது இளைஞர்களிடையே அத்தகைய விபத்துகள் கூடவே செய்தன. கற்றுக்கொண்டோம் என்ற துணிச்சலில் வேகம் ஏறிவிடுகிறது. பயிற்சி தம்பியின் வேகத்தைக் குறைத்தால் நல்லது, கூட்டினால் ஆபத்து.

மாறாக, வியட்நாமைப் பாருங்கள். அங்கே 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார்கள். மக்களின் ஓட்டும் திறமை ஓரிரு மாதத்தில் மாறியிருக்க வழியில்லை. தலையில் கவசம் ஏறியது, சாலை விபத்துகளில் சிக்கி மருத்துவமனைக்கு வந்தவர்களிடையே இறப்பு அபாயம் 18 சதவீதம் குறைந்தது.

உங்கள் பணத்தை இந்த வரிசையில் செலவிடலாம் என்பது என் கருத்து. முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, தாடை வரை மூடிய தலைக்கவசம். அடுத்து, இயன்றால் ஏபிஎஸ் உள்ள வண்டி. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம் என்பதால், அதற்குப் பின் வந்த பழைய வண்டியே போதும். பதற்றத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் அது பார்த்துக்கொள்ளும். இரவுப் பணி முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வரும் நாளிலும் இவை இரண்டும் வேலை செய்யும், திறமை அன்று பாதிதான் இருக்கும். பிரேக் பழக்கத்தை ஞாயிறு காலையில் ஆளில்லாத மைதானத்தில் செலவில்லாமலே பழகலாம்.

சேலத்து வாசகி

மிக்க நன்றி. ஜாக்கெட் வேண்டாமா? தலைக்கவசம் சரியான அளவுதானா என்று எப்படிப் பார்ப்பது?

அவசரப் பிரிவுச் செவிலி

ஜாக்கெட்டும் கையுறையும் தோல் உரிவதையும் மருத்துவமனையில் கிடப்பதையும் குறைக்கும், பணம் மிஞ்சினால் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் மார்பு மீடியனில் மோதினால் அவற்றை நம்ப முடியாது, அங்கே வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. தலைக்கவசம் வாங்கத் தம்பியையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பட்டையைப் பூட்டிய பிறகு பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த அளவு வேண்டாம். தலையை ஆட்டும்போது கன்னத்தின் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மீண்டும் அணிய விடாதீர்கள். உள்ளே நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.