மறு: டெலிரியம் – 'சன்னி' போதாதா?

> நம் வைத்திய நூல்களிலேயே சன்னி இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, டெலிரியத்துக்கு, அதாவது உடல்நோயாலோ போதைப்பொருளாலோ திடீரென வந்து ஏறி இறங்கும் மனக்குழப்பத்துக்கு, தமிழ்ச்சொல் தேடும்போது எனக்கும் சன்னி மேல் பிரியம்தான். ஆனால் எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சலில் வெட்டி இழுத்தாலும் ஜன்னி (சன்னியைத்தான் அப்படிச் சொல்வோம்), பெரியவர் விடிய விடியப் பிதற்றினாலும் ஜன்னி. குடியைத் திடீரென நிறுத்தியவருக்கு இரண்டுமே வரலாம். பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, 48 முதல் 96 மணி நேரத்துக்குள் டெலிரியம். "ராத்திரி ஜன்னி கண்டுச்சு" என்று ஆச்சி சொன்னால் கேஸ் ஷீட்டில் எதை எழுத?

கால் முறிந்து சேர்ந்தவர் மூன்றாம் நாள் இரவு கை நடுங்கி, வேர்த்து விறுவிறுத்து, விரிப்பில் இல்லாத எறும்பைப் பொறுக்குவார். குடிக்கிற விஷயத்தை வீட்டார் மறைத்திருப்பார்கள். காத்துக் கருப்பு என்று குன்றக்குடி விபூதிக்கு ஆள் போகும். பூசட்டும், தப்பில்லை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி மட்டும் குளுக்கோஸுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். கூடவே நடுக்கத்தையும் வலிப்பையும் தணிக்கும் லோராசிபாம் அல்லது டயசிபாம். மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலை மட்டும் போட்டு அடக்கினால் வலிப்பு வரும் வாய்ப்புக் கூடும்.

ஊமத்தை தின்றவரும் காற்றில் எதையோ பிடுங்குவார். ஆனால் வேர்வை இராது. தோல் காய்ந்து கொதிக்கும், கண்மணி விரிந்திருக்கும், சிறுநீர் கட்டும். ஆளை அமர்த்த வழக்கமாகப் போடும் பிரோமெத்தசின் இவருக்கு ஆகாது, குழப்பத்தை இன்னும் ஏற்றிவிடும். ஆகவே எந்தப் பொருள், ஏறியதாலா விட்டதாலா என்பதும் பெயரில் வந்தாக வேண்டும்.

'பிதற்றல்' வேண்டாம். வாயே திறக்காமல் சுருண்டு கிடப்பவரும் உண்டு, அவரைத்தான் தவறவிடுகிறோம். 'சித்தப்பிரமை' ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்க்கும் போய்விடும்.

என் முன்மொழிவு: நனவுத் தடுமாற்றம். கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் பாதியில் கவனம் நழுவும். காலையில் தெளிவு, அந்தியில் குழப்பம். இந்த ஏற்ற இறக்கம் 'தடுமாற்ற'த்தில் இருக்கிறது. முன்னே 'குடிவிடு', 'ஊமத்தையேறு' என்று சேர்க்கலாம்.

---

> நனவுத் தடுமாற்றம்

நனவு யார் வாயிலும் வராதே அம்மா. தேவகோட்டையில் "புத்தி தடுமாறிப் பேசுறாக" என்போம். 'புத்தித் தடுமாற்றம்' ஆகாதா?

---

'புத்தி' என்று எழுதினால் பைத்தியம் என்று படித்துக்கொண்டு ஆளை மறைத்துவிடுவார்கள். சீட்டில் 'நனவு' இருக்கட்டும். வீட்டாரிடம் "தடுமாறிப் பேசுறாகளா? நேத்தைக்கு எப்படி இருந்தாக?" என்று கேட்டுக்கொள்வோம். 'ஊமத்தையேறு' எனக்கே கரடுமுரடாகப்படுகிறது. இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.