உதவி: தானியங்கியா, தானியக்கமா, தன்னியக்கமா? அவசரம்

கோவை_மொழிப்பணி:
வணக்கம். ஆட்டோமேஷனுக்குத் தமிழ்ச் சொல் என்ன? "தானியங்கி" என்று போட்டேன், தவறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும்.

செம்பருத்தி:
எந்த வாக்கியத்தில் வருகிறது? முழு வரியையும் போடுங்களேன்.

வடலி (யாழ்ப்பாணம்):
எங்கள் பக்கம் "தன்னியக்கம்" என்றுதான் எழுதுவோம். அதையே போடுங்கோ.

ஏட்டுச்சுவடி (மூத்த உறுப்பினர்):
இதை இங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன். பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. வருடி, கணினி, தானியங்கி எல்லாம் கருவிகளின் பெயர். ஆட்டோமேஷன் கருவி அல்ல, வேலை தானாக நடக்கும்படி செய்யும் முறை. அதற்குத் தானியக்கம்தான் சரி. தன்னியக்கம் பிழை.

வடலி:
எப்படிப் பிழை? "தனிக்குறில் முன்ஒற்று உயிர்வரின் இரட்டும்" என்பது நன்னூல். கண் + இமை கண்ணிமை ஆவதுபோல, தன் + இயக்கம் தன்னியக்கம்.

ஏட்டுச்சுவடி:
புணர்ச்சியைச் சொல்லவில்லை, பொருளைச் சொல்கிறேன். தன் இயக்கம் என்றால் தன்னுடைய இயக்கம். தானாக இயங்குவதற்குத் தான் + இயக்கம். "தான்" நெடில், அதனால் இரட்டாது.

வடலி:
அப்போ தன்னாட்சியும் பிழையோ? தானாட்சி என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

செம்பருத்தி:
இலக்கணம் அப்புறம். கேட்டவரே, படிக்கப்போவது யார்? மாணவரா, மெக்கானிக்கா?

கோவை_மொழிப்பணி:
மன்னிக்கவும், பம்புசெட் கையேடு. விவசாயிகளுக்கு. பெட்டியில் ஒரு திருகு சுவிட்ச், ஒரு பக்கம் "ஆட்டோ", மறுபக்கம் "மேனுவல்". வரி இதுதான்: "தானியங்கியைச் செயல்படுத்த சுவிட்சைத் திருப்பவும்."

மேழி:
எங்கள் தோட்டத்துக்கு மும்முனை கரண்ட் பாதி ராத்திரியில்தான் வரும். "ஆட்டோவில் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா படுப்பார். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், இருட்டில் கிணற்றடிக்கு நடக்க வேண்டாம். தானியங்கியைச் செயல்படுத்து என்றால் அவர் எந்தப் பக்கம் திருப்புவார்? பெட்டியில் அச்சடித்திருக்கும் சொல்லே கையேட்டிலும் வரட்டும்: "கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட, சுவிட்சை 'ஆட்டோ' பக்கம் திருப்பவும்." இன்னொன்று, கட்டாயம் சேருங்கள். கரண்ட் இல்லையே என்று ஆட்டோவில் இருக்கும் மோட்டாரில் கை வைக்கக் கூடாது. எந்த நொடியிலும் ஓடத் தொடங்கும். முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
அந்த வரிக்கு அது பொருந்தும். அத்தியாயத் தலைப்பில் பெயர்ச்சொல்லாக வந்தால் தானியக்கம் என்றே இருக்கட்டும்.

வடலி:
தன்னாட்சிக்கு இன்னும் பதில் வரவில்லை, ஐயா.

கோவை_மொழிப்பணி:
அனுப்பிவிட்டேன். மேழி அண்ணன் சொன்ன வரி, கூடவே அந்த எச்சரிக்கையும் பெரிய எழுத்தில். தலைப்பில் தானியக்கம். எல்லோருக்கும் நன்றி.