ரஷ்யாவின் கலினின்கிராடு பகுதியிலுள்ள யாஸ்னயா பொல்யானாவின் பழைய வரலாறு என்ன?

கேள்வி:
லித்துவேனிய எல்லைக்கு அருகிலுள்ள இந்தச் சிற்றூர் 1945-க்கு முன் ட்ராகேனன் என்ற பெயரில் ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவில் இருந்ததாகப் படித்தேன். புகழ்பெற்ற குதிரைப் பண்ணை என்ன ஆயிற்று, அங்கிருந்த மக்கள் எங்கே போனார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சதுப்பு நிலத்தை வடித்து, பிரஷ்ய மன்னர் முதலாம் பிரடெரிக் வில்லியம் 1732-இல் படைக்கான குதிரைகளை வளர்க்க நிறுவிய அரசுப் பண்ணைதான் அவ்வூருக்கு உயிர்நாடி. அங்கே பிறந்த குதிரைகளின் தொடையில் எல்க் மானின் கொம்பு வடிவத்தில் சூடு போடுவார்கள். சோவியத் செம்படை நெருங்கிய 1944 அக்டோபரில் பண்ணையைக் காலி செய்தனர். ஆனால் சுற்றுவட்டாரத்துக் குதிரை வளர்ப்போர் பலர் 1945-இன் கடுங்குளிரில்தான், வண்டிகளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, பால்டிக் கடலோரத்தில் உறைந்து கிடந்த விஸ்துலா காயலின் பனிக்கட்டி மேல் மேற்கே சென்றார்கள்; வழியில் மாண்ட மனிதர்களையும் குதிரைகளையும் நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

மறுமொழி 2:
போரில் வென்ற நாடுகள் 1945-இல் கூடிய போட்ஸ்டாம் மாநாட்டுக்குப் பின் இப்பகுதி சோவியத் வசமாயிற்று. எஞ்சியிருந்த ஜெர்மானியர்கள் அடுத்த சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட, ரஷ்யா முதலிய சோவியத் குடியரசுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறினர். பண்ணைத் தலைவரின் மாளிகை பள்ளிக்கூடமாயிற்று. அம்மாளிகையின் முன்னே 1932-இல் நிறுவப்பட்ட டெம்பல்ஹூட்டர் என்ற பொலிகுதிரையின் வெண்கலச் சிலை மாஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. குடியேறியவர்களையும் இவ்வூரின் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து. அவர்களும் போரில் வீடிழந்தவர்கள்தாம்.

மறுமொழி 3:
ட்ராகேனன் பண்ணையின் குதிரை இனம் அழியவில்லை. மேற்கு ஜெர்மனியில் எஞ்சியவற்றைக் கொண்டு வளர்ப்பு தொடர்ந்தது. சோவியத் படையினரால் கைப்பற்றப்பட்டவை ரஷ்யாவின் ரோஸ்தோவ் பகுதியின் கீரவ் பண்ணையில் பெருகின.