மறு: சிற்றுருவின் காலடித் துண்டுக்கு என்ன சொல்? ‘கழுந்து’ பற்றி ஒரு முன்மொழிவு

அன்பின் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான சிறு உலோக உருக்களைப் பற்றிய நம் சொற்பட்டியலில் ‘சிற்றுரு’, ‘சுழல்வார்ப்பு’ (சுழலும் அச்சில் வார்த்தல்), ‘பிசிறு’ (வார்ப்பின் ஓரத்தில் ஒட்டி நிற்கும் மிகை உலோகம்) ஆகிய மூன்றிலும் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சென்ற வாரம் முழுவதும் இழுபறியாக நின்றது, உருவின் பாதங்களுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான உலோகத் துண்டுக்கு என்ன பெயரிடுவது என்பதுதான். நாக்கு, வால், குடுமி, முளை, அடிப்பட்டை என ஐந்து சொற்கள் வந்துள்ளன. ஆங்கிலச் சொல்லை (tab) அப்படியே ‘டேப்’ என்று எழுதிவிடலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆனால் தமிழ் வாசகருக்கு டேப் என்றால் அளக்கும் நாடாவும் ஒட்டும் நாடாவுமே நினைவுக்கு வரும், ஒட்டும் வேலையைப் பற்றிய கட்டுரையிலேயே அச்சொல் வந்தால் குழப்பம் இரட்டிக்கும். இவற்றுக்கு மாற்றாகக் ‘கழுந்து’ என்னும் தச்சுச் சொல்லை முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

முதலில் பொருளைப் பார்ப்போம். கற்பனைப் போர் விளையாட்டுகளுக்கென வார்க்கப்படும் ஓர்க் என்னும் அரக்கர், குள்ளர், மந்திரவாதி முதலிய உருக்கள், இரண்டு ரப்பர் வட்டுகளுக்கு நடுவே அழுந்தப் பதித்த அச்சில், வட்டுகள் சுழலும்போது நடுத்துளை வழியே ஊற்றப்படும் உருகிய உலோகம் விளிம்பை நோக்கிப் பாய்வதால் உருப்பெறுகின்றன. இங்கிலாந்தின் நியூவர்க் நகரில் 1970களின் இறுதியில் தொடங்கிய சிட்டடெல் என்னும் சிற்றுரு நிறுவனத்தின் ஆரம்பக் கால உருக்களில் பீடமும் உருவும் ஒரே வார்ப்பாக இருந்தன. 1983இல் வார்ஹாமர் விளையாட்டின் முதற்பதிப்பு வெளிவந்தபோதும் நிலைமை இதுவே. 1980களின் நடுவில்தான் மேற்பரப்பில் நீண்ட பிளவு கொண்ட பிளாஸ்டிக் பீடம் தனியாகத் தரப்பட்டு, அந்தப் பிளவில் செருகுவதற்கென உருவின் காலடியில் ஒரு துண்டும் சேர்த்து வார்க்கப்பட்டது. நாம் பெயர் தேடுவது அந்தத் துண்டுக்கே.

இந்தச் சிறு துண்டுக்கு இத்தனை விவாதம் தேவையா என்று கேட்ட அன்பருக்கு என் விடை, தேவை என்பதே. ஏனெனில் இந்தப் பொழுதுபோக்கின் இரு பெரும் வேலைகளான அடையாளம் காணுதலும் பொருத்துதலும் இந்த ஓரிடத்தில்தான் சந்திக்கின்றன. உருவை நிற்கவைப்பதும் இதுவே, உரு யாருடையது என்று சொல்வதும் இதுவே. பெரும்பாலான சிட்டடெல் உருக்களில் இத்துண்டின் ஒரு பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும், மறுபக்கத்தில் பல வேளைகளில் அந்தப் பாத்திரத்தின் பெயரும் எழுத்துகளாக வார்க்கப்பட்டிருக்கும். பழைய உருக்கள் கலந்து கிடந்த ஒரு பெட்டியை நான் முதன்முதலாகக் கையில் எடுத்தபோது இதை அறியாமல், எல்லாவற்றையும் பீடத்தில் செருகிப் பசையிட்ட பிறகே பெயர்களைத் தேடத் தொடங்கினேன். ஒட்டியவற்றை அசிட்டோனில் ஊறவைத்து ஒன்றொன்றாகப் பிரிக்க இரண்டு வாரம் ஆயிற்று, அசிட்டோன் பட்ட பிளாஸ்டிக் பீடங்களும் பாழாயின. பொருத்துமுன் படித்துக்கொள், படித்ததை எழுதிவைத்துக்கொள் என்பதைத் தொடங்குபவருக்குச் சொல்லித்தரும் கட்டுரைக்கு, படிக்க வேண்டிய இடத்தைச் சுட்ட ஒரு தெளிவான சொல் வேண்டும்.

இனி ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொள்கிறேன்.

‘நாக்கு’ எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பது அதன் பெரும் வலிமை. மணிக்கு நாக்கு உண்டு, தராசுக்கு நா உண்டு. ஆனால் இவ்விரண்டிலும் நாக்கு என்பது ஒரு முனை கட்டுண்டு மறுமுனை அசைவது. நம்முடைய துண்டோ அசையாமல் இறுகி நிற்பதற்காகவே படைக்கப்பட்டது. அதை ‘அடிநாக்கு’ என்று ஆக்கினால் தொண்டையை ஒட்டிய நாவின் அடிப்பகுதி என்றே பொருள்படும். ‘வால்’ என்பதை ஏற்க இயலாது. பல்லியுருவினரும் டிராகன்களும் நிறைந்த ஒரு துறையில், தனியாக வார்க்கப்பட்ட உண்மையான வால்களை நாம் நாள்தோறும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ‘அடிப்பட்டை’ வடிவத்தைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை.

‘குடுமி’யை முன்மொழிந்த அம்மையாரின் வாதம் என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது. பழைய வீடுகளின் கதவில் மேலும் கீழும் நீண்டு குழியில் அமரும் பகுதியைக் குடுமி என்றே சொல்வார்கள். செருகப்படுவது, கதவோடு ஒன்றானது, கீழே இருப்பது என்னும் மூன்றும் பொருந்துகின்றன. ஆயினும் கதவின் குடுமி குழிக்குள் சுழல வேண்டும், சுழலாவிட்டால் கதவு திறக்காது. நம் துண்டு சுழலக்கூடாது. அது தட்டையாக இருப்பதும் அதற்காகவே. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே அதை விட்டுவிடுகிறேன், தயக்கத்துடன்.

‘முளை’ நல்ல சொல்தான், ஆனால் முளை என்பது தனியே செய்து அடிக்கப்படுவது. மாட்டைக் கட்ட அடிக்கும் முளையை நினைத்தால் இது விளங்கும். ஆணியும் ஆப்பும் அவ்வாறே. இங்குதான் கழுந்தின் பொருத்தம் தெரிகிறது. மரச்சட்டத்தின் முனையைச் செதுக்கி மெலிதாக்கி, மற்றொரு சட்டத்தில் உளியால் பொளித்த குழியில் இறுகச் செருகுவதைப் பொளி-கழுந்து மூட்டு என்கிறோம். கழுந்து வெளியிலிருந்து வந்த பொருளன்று, சட்டத்தின் உடலே மெலிந்து நீண்டது; நம் துண்டும் உருவின் உடலோடு ஒரே ஊற்றில் வார்க்கப்பட்டது. கழுந்து தட்டையானது, பொளியும் நீள்வடிவானது, ஒன்றுக்கொன்று அளவு ஒத்திருக்க வேண்டியவை. இவ்வளவு பொருத்தத்தோடு ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் புனைவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இச்சொல்லை ஏற்றால் இணையான சொற்கள் தாமாக வந்து அமைகின்றன. பீடத்தின் பிளவு ‘பொளி’. பிளவுடைய பீடம் ‘பொளிபீடம்’. அதற்கு முந்தைய, உருவோடு சேர்ந்து வார்க்கப்பட்ட பீடம் ‘உடன்வார்ப்புப் பீடம்’. துண்டில் காணப்படும் எழுத்துகள், கல்லெழுத்து என்பதைப் போல, ‘கழுந்தெழுத்து’. இதில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். சிட்டடெல் உருவில் உடன்வார்ப்புப் பீடம் இருந்தால் அது பெரும்பாலும் பழைய வடிவமைப்பு என்று கொள்ளலாம். ஆனால் அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1975இல் தொடங்கிய ரால் பார்த்தா போன்ற நிறுவனங்கள் அதன் பின்னரும் நெடுங்காலம் உடன்வார்ப்புப் பீடத்தையே கையாண்டன. எனவே பீடவகை காலத்தை மட்டும் சொல்வதில்லை, பட்டறையையும் சேர்த்தே சொல்கிறது. அவ்வகை உருக்களில் அடையாள எழுத்தைப் பீடத்தின் அடிப்புறத்தில்தான் தேட வேண்டும்.

கழுந்தெழுத்தில் உள்ள ஆண்டைப் பற்றியும் நாம் இரு சொற்களை வேறுபடுத்தியே ஆக வேண்டும். அது வடிவத்தின் பதிப்புரிமை ஆண்டு, அந்தக் குறிப்பிட்ட உலோகத் துண்டு வார்க்கப்பட்ட ஆண்டன்று. 1988 என்று எழுதிய அதே வடிவத்தைப் பத்தாண்டு கழித்தும் வார்த்திருக்கலாம், அப்போதும் 1988 என்றே வரும். முன்னதை ‘உரிமையாண்டு’ என்றும் பின்னதை ‘வார்ப்பாண்டு’ என்றும் வழங்கலாம். இது வெறும் சொல் நுணுக்கமன்று. ரால் பார்த்தா 1993இலும், சிட்டடெல் உருக்களை வெளியிட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1997இலும் ஈயக் கலவையைக் கைவிட்டு, வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட கலவைகளுக்கு மாறின. உரிமையாண்டைப் பார்த்து ஈயமா இல்லையா என்று முடிவு செய்ய இயலாது. ஈயத்தின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) சுமார் 11.3, வெள்ளீயத்தினுடையது சுமார் 7.3, ஆகவே ஒரே வடிவத்தின் இரு வார்ப்புகளைத் தராசில் வைத்தால் ஈயம் மிகுந்தது கனமாக நிற்கும். ஈயம் மிகுந்த உரு காகிதத்தில் இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விடும், விரலுக்கு எளிதில் வளையும். அரம் போடுமுன் இதை அறிந்துகொள்வது அவசியம், ஏனெனில் ஈயத் தூளைச் சுவாசிக்கக்கூடாது. ஈரத் துணியால் மேசையைத் துடைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும்.

பொருத்தும் பகுதியில் சொற்சிக்கல் குறைவு. பாத்திரம் கழுவும் சோப்புநீரில் உருவைக் கழுவி, அச்சில் ஒட்டாதிருக்கத் தூவிய அச்சுப்பொடியை நீக்குதல், வட்டுகள் சேர்ந்த இடத்தில் உருவின்மேல் ஓடும் ‘வார்ப்புவரி’யை ஊசியரத்தால் தேய்த்தல், பசையின்றி ஒருமுறை வைத்துப் பார்த்தல், பிறகு ஒட்டுதல். கழுந்து பொளிக்குள் புகாவிட்டால் அதை அரத்தால் மெலிதாக்குவோம். தளர்ந்து ஆடினால் குறடால் கழுந்தைச் சிறிதே நெளிப்போம், அந்த நெளிவு பொளியின் இரு சுவரையும் பற்றிக்கொள்ளும். தச்சரும் தளர்ந்த கழுந்தைச் சிறு ஆப்பிட்டு இறுக்குவார் என்பதை இங்கே நினைவுகூர்கிறேன்.

ஒன்று மட்டும் எஞ்சுகிறது. சிறகு, வாளேந்திய கை போன்ற கனமான உறுப்புகளைச் சயனோஅக்ரிலேட் என்னும் உடனடிப் பசை மட்டும் தாங்காது. அது இழுவிசையைத் தாங்கும் அளவுக்குப் பக்கவாட்டு அதிர்ச்சியைத் தாங்குவதில்லை. எனவே இரு பகுதிகளிலும் 1 மில்லிமீட்டர் அளவில் துளையிட்டு, இடையே பித்தளைக் கம்பியையோ காகிதச் செருகியின் கம்பியையோ மறைவாக வைத்து ஒட்டுகிறோம். துளைகள் நேருக்கு நேர் அமைய, ஒன்றின் வாயில் வண்ணப் பொட்டு வைத்து மற்றதை அதன்மேல் அழுத்தித் தடம் எடுப்பது வழக்கம். இச்செயலுக்கு ‘ஊசியிடல்’ என்பது மருத்துவமனையை நினைவூட்டும், ‘முளையிடல்’ என்றால் விதை முளைவிடுவதாகப் படும், ‘ஆணியடித்தல்’ என்றால் சுத்தியலைத் தேடுவார்கள். ‘உட்கம்பி கோத்தல்’ என்பதே செயலை அப்படியே சொல்கிறது. கழுந்து உடலோடு பிறந்தது, உட்கம்பி நாம் இட்டது; இவ்விரு மூட்டு முறைகளும் சொல்லளவிலேயே பிரிந்து நிற்பது நல்லது.

வார்ப்புச் சொற்கள் அனைத்தையும் நம் படிமக் கலையிலிருந்தே எடுக்கலாம் என்ற கருத்தோடு ஓரளவே உடன்படுகிறேன். சுவாமிமலையில் மெழுகில் உருச்செய்து மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கிறார்கள்; அந்த மண்ணச்சு ஒரே படிமத்தோடு உடைக்கப்படுகிறது. ரப்பர் அச்சு மீண்டும் மீண்டும் பயன்படுவது, இரு பாதியாகத் திறப்பது. வார்ப்புவரி தோன்றுவதும் அதனால்தான். வார்ப்பு, பீடம் என்னும் பொதுச் சொற்களை எடுத்துக்கொள்வோம், மெழுகுமுறைக்கே உரிய சொற்களை அதற்கே விட்டுவிடுவோம்.

குழுவின் முடிவுக்கு இன்னும் ஒன்றை வைக்கிறேன். முந்தைய உரிமையாளர் வேறு பீடத்தில் ஒட்டுவதற்காகக் கழுந்தை வெட்டியெறிந்த உருக்கள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. பெயரும் ஆண்டும் போய்விட்டதால், பாதத்திலிருந்து கண் வரையுள்ள உயரத்தையும் முகத்தைச் செதுக்கிய விதத்தையும் பழைய விலைப்பட்டியல் படங்களோடு ஒப்பிட்டே அவற்றை இனங்காண வேண்டியிருக்கிறது. இவற்றைக் ‘கழுந்தற்ற உரு’ என்றால், முதலிலேயே கழுந்து இல்லாத உடன்வார்ப்புப் பீட உருக்களும் அதில் அடங்கிவிடும். ‘கழுந்தறுத்த உரு’ என்று எழுதலாமா?

அன்புடன்.