பாவனை மூன்றில் இரண்டு பங்குதான் கூடியது, மின் கட்டணம் இரண்டரை மடங்கானது ஏன்?

கல்லடி வாசி எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில், மேலே பிளாட் (தட்டையான கொங்கிறீற்றுக் கூரை) போட்ட வீட்டில் ஐந்து பேர் வசிக்கிறோம். சென்ற மாதப் பட்டியலில் எங்கள் மின் பாவனை 118 அலகு (யூனிட்). வரி நீங்கலாக 2,992 ரூபா வந்தது. வறண்ட வெப்பக் காற்றான கச்சான் வீசத் தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு இரவில் உறக்கமே இல்லாமற் போனதால், அவருடைய அறைக்கு 9,000 பி.ரி.யு. குளிராக்கும் திறனுள்ள ஏசி ஒன்றைப் பூட்டினோம். இரவு பத்து மணி முதல் விடியற்காலை நான்கு மணி வரை மட்டுமே அதைப் போடுகிறோம். இந்த மாதப் பட்டியலில் 198 அலகு என்றும், வரி நீங்கலாக 7,698 ரூபா என்றும் இருக்கிறது. இரண்டு பட்டியல்களும் முப்பது நாட்களுக்கானவை. இரண்டுமே 2025 ஜூன் கட்டண உயர்வுக்குப் பிந்தியவை. ஆகவே, விலை உயர்ந்தது காரணமாக இருக்க முடியாது.

பாவனை மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்க, கட்டணம் இரண்டரை மடங்குக்கும் மேலாக எப்படிக் கூடும்? மீற்றரில் பிழை இருக்குமா? அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இருதய வருத்தமும் உண்டு. எனவே ஏசியை நிறுத்திவிடுங்கள் என்ற ஆலோசனையை மட்டும் என்னால் ஏற்க இயலாது. வேறு வழி இருந்தால், விபரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கல்முனை வயரிங் வேலையாள் எழுதியது:

தங்கச்சி, உங்கள் பட்டியலை நான் கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரியாகவே இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. அந்தப் படிகள் எங்கே ஏறுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அனுமதித்து 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த, உங்கள் இரண்டு பட்டியல்களுக்கும் பொருந்திய அட்டவணையின்படி, மாதப் பாவனை 60 அலகுக்குள் நின்றால் முதல் 30 அலகுக்கு 4.50 ரூபா வீதமும் அடுத்த 30 அலகுக்கு 8 ரூபா வீதமும் அறவிடப்படும். 60ஐத் தாண்டிய மறு நிமிடமே அந்த இரண்டு சலுகை விலைகளும் இல்லாமற் போய், முதலாவது அலகிலிருந்தே 12.75 ரூபா வீதம் கணக்கிடப்படும். அதன் பிறகு 90 வரை 18.50 ரூபா, 120 வரை 24 ரூபா, 180 வரை 41 ரூபா, அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 61 ரூபா. இதற்குப் புறம்பாக, நீங்கள் எந்தப் படியில் போய் நிற்கிறீர்களோ அதற்கேற்ற நிலையான கட்டணம் ஒன்றும் உண்டு: 61 முதல் 90 வரை 400, 120 வரை 1,000, 180 வரை 1,500, அதற்கு மேல் 2,100 ரூபா.

இப்போது உங்கள் 198 அலகைப் பாருங்கள். முதல் 60க்கு 765, அடுத்த 30க்கு 555, அடுத்த 30க்கு 720, அதற்கடுத்த 60க்கு 2,460, எஞ்சிய 18க்கு 1,098. எல்லாம் சேர்த்து 5,598. நிலையான கட்டணம் 2,100 சேர 7,698 ரூபா. ஏசி வந்த பின் கூடிய 80 அலகுக்கு நீங்கள் செலுத்தியது 4,706 ரூபா, அதாவது அலகொன்றுக்கு ஏறத்தாழ 59 ரூபா. அதற்கு முந்திய 118 அலகும் நிலையான கட்டணத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் அலகொன்றுக்கு 25 ரூபாவைச் சற்றே தாண்டியிருந்தன. கடைசியில் பாவிக்கும் அலகுதான் எப்போதும் விலை கூடியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்றம் மேலே மட்டும் இருப்பதன்று. 60 அலகில் நிற்கும் வீட்டுக்கு நிலையான கட்டணத்தோடு சேர்த்து 585 ரூபா, 61 அலகுக்கு 1,183.50 ரூபா. ஒரேயோர் அலகு, கட்டணமோ இரு மடங்கு. தனியாக வசிக்கும் முதியவர்கள் பலர் இந்த எல்லையிலேயே அகப்பட்டு வருந்துவதை வேலைக்குப் போகும் வீடுகளில் காண்கிறேன். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதே எனக்குப் பெரிய கவலை.

மீற்றர் வாசிப்பவர் சில நாட்கள் பிந்தி வந்ததால் படி ஏறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை, ஏனெனில் படிகளின் அளவு நாட்களின் எண்ணிக்கைக்கேற்ப மாறும். 33 நாட்களுக்கான பட்டியல் என்றால் முதற்படி 60 அலகாக இல்லாமல் 66 அலகாக இருக்கும்.

மீற்றர் பற்றிய சந்தேகம் நீங்க வேண்டுமானால், மெயின் சுவிட்சைப் போட்டபடியே விட்டு, வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களையும் நிறுத்தி, பிளக்குகளையும் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் மீற்றரைக் கவனியுங்கள். தட்டு சுற்றினாலோ சிவப்பு விளக்கு மினுங்கினாலோ எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். அப்படியிருந்தால் தாமதிக்காமல் தகுதியான ஒருவரைக் கூப்பிட்டு வயரிங்கைப் பார்ப்பியுங்கள், ஏனெனில் அது பணத்தை விட உயிருக்கு ஆபத்தானது. ஆனால் உங்கள் கணக்கில் மர்மம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. 9,000 பி.ரி.யு. ஏசி ஓடும்போது 800 வாட் அளவில் இழுக்கும். ஆறு மணித்தியாலத்தில் அதன் கம்பிரசர் பாதிக்குச் சற்று மேலான நேரம் ஓடினாலே நாளுக்கு 2.7 அலகு, மாதத்துக்கு 80 அலகு வந்துவிடும்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை எழுதியது:

அண்ணன் விளக்கிய கணக்கிலிருந்தே வழியும் தெரிகிறது. அம்மாவின் ஏசியைத் தொட வேண்டாம். வீட்டின் மற்ற மூலைகளிலிருந்து 18 அலகைக் குறைத்து 180க்குள் வந்தாலே கட்டணம் 6,000 ரூபாவாகிவிடும். அந்தப் பதினெட்டு அலகின் பெறுமதி 1,698 ரூபா.

முதலில் மின்விசிறிகளைப் பாருங்கள். பழைய கூரை விசிறி 75 வாட் வரை எடுக்கும். இப்போது கிடைக்கும், தூரிகையில்லா மோட்டர் கொண்ட பி.எல்.டி.சி. வகை விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் மாதத்துக்கு 13.5 அலகு மிஞ்சும். இரண்டு விசிறிகளை மாற்றினால் உங்கள் பாவனை 171 அலகுக்கு வந்து, கட்டணம் 5,631 ரூபாவாகும். வாங்கும்போது நிலைபெறுதகு வலு அதிகார சபையின், மின் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது கிணற்று மோட்டர். நம்முடைய கரையோர மண் முழுவதும் மணல். கிணற்றுக்குள் இறக்கிய குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வின் வாயில் மணல் சிக்கினால் அது சரியாக மூடாது. மோட்டர் நின்றதும் குழாயிலுள்ள நீர் கிணற்றுக்கே இறங்கிவிடும், மறுநாள் மோட்டர் வெறுமனே சுழலும், வாளியில் நீர் கொண்டுவந்து மேலே ஊற்றினால்தான் இழுக்கத் தொடங்கும். தண்ணீர்த் தாங்கி நிரம்ப முன்னைய நாட்களில் எவ்வளவு நேரம் எடுத்தது, இப்போது எவ்வளவு எடுக்கிறது என்பதை மணிக்கூடு பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் கூடியிருந்தால் வால்வைக் கழற்றிக் கழுவ வேண்டும். கழிவறையின் ஃபிளஷ் தொட்டி ஒழுகினாலும் மோட்டர்தான் அதற்குக் கணக்குக் கொடுக்கிறது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவு றப்பரையும் சோதியுங்கள். ரூபாத் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வெளியே வந்தால் றப்பர் பிடிக்கவில்லை, பெட்டி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளை ஒவ்வொரு காலையும் தனித்தனியே அயன் பண்ணாமல் வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாகச் செய்வதும் பயன் தரும்.

ஆரையம்பதியிலிருந்து லண்டன் வந்தவர் எழுதியது:

நான் பிறந்து வளர்ந்தது ஆரையம்பதி. இங்கே வந்த பிறகு, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் செலவோடு ஒவ்வோர் ஆண்டும் மல்லுக்கட்டுகிறேன். அங்கேயுள்ள பெற்றோரின் மின் பட்டியலையும் நான்தான் செலுத்துகிறேன் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

பிரித்தானியாவில் ஒவ்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு மூன்று மாதங்களுக்கொரு முறை உச்ச விலையை அறிவிக்கிறது. அது ஓர் அலகின் விலைக்கும் நாளாந்த நிலையான கட்டணத்துக்குமான உச்சமே அல்லாமல், மொத்தப் பட்டியலுக்கான உச்சமன்று. கூடப் பாவித்தால் கூடத்தான் செலுத்த வேண்டும். ஆனால் சாதாரணக் கட்டண முறையில் முதல் அலகுக்கும் கடைசி அலகுக்கும் ஒரே விலை. நம் ஊரில் அப்படியில்லை என்பதால், அங்கே சிறிது சேமித்தாலும் படி இறங்கும் இடத்தில் பெரிய பலன் கிடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே வீட்டைச் சூடாக்கும் பொயிலரை மாற்றுவதற்கு முன் கூரையைப் பார் என்றுதான் சொல்வார்கள். கூரைத் தளத்தின் மேல் 270 மில்லிமீற்றர் தடிப்புக்கு வெப்பத்தடுப்புப் பஞ்சு விரிக்க வேண்டும் என்பது இங்குள்ள வழமையான பரிந்துரை. உள்ளே உண்டாக்கிய சூடு மேலே போய்விடாமல் காப்பதற்காக அது. உங்கள் வீட்டில் சூடு வரும் திசைதான் வேறு. நாள் முழுவதும் வெயில் குடித்த பிளாட், நள்ளிரவு வரைக்கும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். உங்கள் ஏசி அதன் பெரும் பங்கு உழைப்பைக் கொங்கிறீற்றைக் குளிர்விப்பதிலேயே செலவிடுகிறது. அம்மாவின் அறைக்கு மேலுள்ள பகுதிக்கு மட்டுமாவது வெயிலைத் தெறிக்கச் செய்யும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். அதற்கு வசதியில்லையென்றால் தென்னங்கிடுகு போட்டு நிழல் செய்யுங்கள். கிடுகைப் பிளாட்டோடு ஒட்ட வைக்காமல், காற்றுப் போக இடைவெளி விட்டு, சிறு தடிகளின் மேல் பரப்பினால் நல்லது. மாலையில் கடற்காற்று வரும்போது ஜன்னல்களைத் திறந்து அறையைக் காற்றாட விடுவதும் அவசியம்; நுளம்புக்குப் பயந்து ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம், டெங்கு உள்ள ஊரில் அது நியாயமான பயமும்கூட, ஆகவே ஜன்னலுக்கு வலை அடிப்பதை இந்தக் கட்டணக் கணக்கிலேயே சேர்க்க வேண்டிய செலவாக நான் கருதுகிறேன்.

கல்லடி வாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. விசிறிகளையும் கூரைப் பூச்சையும் முதலில் செய்யப் போகிறோம். சூரிய மின்தகடு பூட்டச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். இந்தப் பாவனைக்கு அது பொருந்துமா? ஏசியை எத்தனை பாகையில் வைப்பது நல்லது?

கல்முனை வயரிங் வேலையாள் எழுதியது:

நம் பகுதி வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு மாதத்துக்கு 100 அலகுக்கு மேல் தரும். இரண்டு கிலோவாட் உங்கள் வீட்டுக்குத் தாராளம். ஆனால் உங்கள் பெரும் பாவனை இரவில் என்பதால், பகலில் பொது மின் வலையமைப்புக்கு அனுப்பும் அலகுகள் எந்த முறையில் கணக்கில் வைக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாகப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். கடலுக்கு அருகில் இருப்பதால் தாங்கு சட்டங்கள் உப்புக் காற்றில் துருப்பிடிக்காத வகையாக இருக்கட்டும். அவசரப்படாமல், மற்ற வேலைகள் முடிந்து பாவனை எங்கே வந்து நிற்கிறது என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள்; கடன் வாங்கித் தேவைக்கு மேல் பெரிய தகடு பூட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை.

ஏசியை 26 பாகையில் வைத்து, விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். அம்மாவுக்கு அது போதும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கொரு முறை கழற்றித் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். பட்டியல் வந்த நாளிலிருந்து பதினைந்தாம் நாள் மீற்றரைப் பார்த்து, கடைசியாகப் பட்டியலில் பதிந்த எண்ணைக் கழியுங்கள். விடை 90க்குள் இருந்தால் 180ஐத் தாண்ட மாட்டீர்கள். கூடியிருந்தால், மீதி இரண்டு வாரமும் அயன், கேத்தல், மோட்டர் ஆகிய மூன்றிலும் கவனமாக இருங்கள். அம்மாவின் உறக்கத்தில் கை வைக்க வேண்டிய அவசியம் வராது.