தள்ளிப்போட்ட மருத்துவம்: கொரோனாவுக்குப் பிறகும் நம் வீட்டுப் பெண்கள் ஏன் திரும்பிப் போகவில்லை?

கேள்வி: நத்தம் சாலை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறார். 2020 பிப்ரவரி வரை மாதம் தவறாமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று, இரத்த அழுத்தத்தைப் பார்த்து, மாத்திரை வாங்கி வருவது அவருடைய வழக்கமாக இருந்தது. மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் பேருந்து நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி இருசக்கர வாகனத்தில் டவுனுக்குப் போகும்போது பழைய மருந்துச் சீட்டைக் கொடுத்தனுப்பி, மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அதுதான் சரியான முடிவு. அதில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால், பேருந்துகள் 2020 செப்டம்பரிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அம்மா மட்டும் இன்றுவரை மருத்துவமனைக்குத் திரும்பவில்லை. அந்தச் சீட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டப்பட்டு, குடும்ப அட்டையின் உறைக்குள் இருக்கிறது. கடைக்காரர் இப்போது அதைப் பார்ப்பதுகூட இல்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தே மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். கேட்டால், "இத்தனை வருஷம் போகாமல் என்ன கெட்டுப்போச்சு?" என்கிறார். அதே அம்மா, அப்பாவின் சர்க்கரைப் பரிசோதனையை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

உங்கள் வீடுகளிலும் இப்படி நடந்திருக்கிறதா? பெருந்தொற்றுக் காலத்தில் பெண்கள் தங்கள் உடல்நலம் பற்றி எடுத்த முடிவுகளில் எவை அந்தக் காலத்தோடு போயின, எவை ஒட்டிக்கொண்டுவிட்டன? அவர்களைத் திரும்ப அழைத்துவர எது உதவியது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்

மகளே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெண்கள் ஆணிடமும், சில சமயம் மருத்துவரிடமும்கூடச் சொல்லாததைக் கிராமச் செவிலியரிடம் சொல்வார்கள். வெள்ளைப்படுதல், அடி இறங்குதல் (கருப்பை கீழிறங்குவது), சிறுநீர்க் கசிவு எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடிக்கும்போதுதான் வெளியே வரும். 2020-இல் என் வேலை மாறிவிட்டது. வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டுபவளாகவும், வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டுபவளாகவும் ஆனேன். என்னைத் தூரத்தில் பார்த்ததும் கதவைச் சாத்திய பெண்களில், அதற்கு முந்தைய மாதம் என்னிடம் மனம்விட்டுப் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவருக்குச் சளி என்று எழுதினால் குடும்பம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட வேண்டும், அன்றாடக் கூலி போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் அந்தத் திண்ணைப் பேச்சு அன்றோடு நின்றது, பல வீடுகளில் மறுபடி தொடங்கவேயில்லை.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். கர்ப்பிணிகளின் வருகை ஊரடங்கில் குறைந்தாலும் விரைவாகத் திரும்பிவிட்டது. கர்ப்பத்தைப் பதிவுசெய்ததும் தரப்படும் பிக்மி எண், தவணை தவணையாக வரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, தடுப்பூசி அட்டை என்று அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசியாவது அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டோம். கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை மட்டும் மிகவும் சிரமமாக இருந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், கூட்டத்தில் அவ்வளவு நேரம் உட்கார யாரும் துணியவில்லை.

ஆனால் 30 வயதைக் கடந்த பெண்களுக்கான மார்பகப் பரிசோதனைக்கும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கும் அப்படித் தேதி எதுவும் கிடையாது. நலமாக இருப்பவள் தானாக வந்தால்தான் உண்டு. எனவே முகாம்கள் நின்றபோது கேட்க ஆளில்லை, முகாம்கள் மீண்டும் தொடங்கியபோது வரவும் ஆளில்லை. உன் அம்மாவும் கேட்பாரற்ற அந்த வயதில்தான் இருக்கிறார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இதில் ஒரு பாதியைச் சரிசெய்தது. மகளிர் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார். உன் அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று துணை சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார். ஆனால், மாத்திரைதான் வீடு தேடி வருகிறதே, இனி மருத்துவமனை எதற்கு என்று நினைத்துவிடுகிற பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன் என்பதால், அதோடு நின்றுவிடாதே.

பதில் 2: சேலத்துத் தாய்

நான் 2021-இல் கருவுற்றிருந்தேன். முடிவெடுப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை எழுத நினைக்கிறேன்.

2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அனுமதி இல்லை. மே 19 அன்று பாலூட்டுபவர்களுக்கும், ஜூலை 2 அன்று கர்ப்பிணிகளுக்கும் அனுமதி வந்தது. "நேற்றுவரை கூடாது என்றவர்கள் இன்று எப்படிப் போடச் சொல்கிறார்கள்?" என்று என் மாமியார் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆளில்லாத இடத்தை வாட்ஸ்அப் நிரப்பியது. மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி போடக் கூடாது என்று ஏப்ரலில் ஒரு செய்தி பரவியது. அது பொய் என்று அரசே மறுத்தும், எங்கள் தெருவில் அதை நம்பி முன்பதிவை விட்டுவிட்ட பெண்கள் உண்டு. ஊசிக்குப் பிறகு மாதவிடாய் சற்றுத் தள்ளிப்போனதாகப் பலர் சொன்னதை அப்போது யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. பின்னர் வந்த ஆய்வு, சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான, தற்காலிகமான தாமதம் உண்மைதான் என்று காட்டியது. முதலிலேயே கேட்டு, விசாரித்துச் சொல்லியிருந்தால் வதந்திக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

இரண்டாம் அலையில் கர்ப்பிணிகள் முதல் அலையைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஜூன் மாதம் அறிவித்திருந்தது. ஏழாம் மாதத்தில், ஜூலை நடுவில் நான் ஊசி போட்டுக்கொண்டேன். கணவர் உடன் வந்தார். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் கையைத் தொட்டுப் பார்த்து வீக்கம் இருக்கிறதா என்று கேட்டார்.

ஊசியைவிட என்னை அதிகம் வருத்தியது மே மாதம்தான். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டும். ஊரடங்கில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஸ்கேன் மையம் மூடிக்கிடந்தது, இன்னொன்றில் இடம் கிடைக்கும்போது 21 வாரம் ஆகிவிட்டது. கருக்கலைப்புக்கான சட்ட வரம்பு அப்போது 20 வாரமாக இருந்தது. சில பிரிவினருக்கு அதை 24 வாரமாக உயர்த்தி, கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டால் வரம்பே இல்லை என்றாக்கிய திருத்தம், 2021 செப்டம்பர் 24 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. என் குழந்தை நலமாகப் பிறந்தாள். ஆனால் ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த அந்த ஒரு மணி நேரத்தில், குறை ஏதேனும் தெரிந்தாலும் எனக்கு வழி இல்லை என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆண்டு எனக்குள் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. மருத்துவரிடம் கேட்க வேண்டியதை முதல் நாளே நோட்டில் எழுதிக்கொண்டு போகிறேன். இப்போது என் மாமியாரும் அவருடைய கேள்விகளை என்னிடம் சொல்லி எழுதச் சொல்கிறார்.

பதில் 3: மகப்பேறு மருத்துவர், அரசுப் பணி

செவிலியர் அம்மா எழுதியதை என் அனுபவமும் உறுதிசெய்கிறது. தொலைபேசி, காணொளி வழி மருத்துவம் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தொலைமருத்துவ நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. சில வாரங்களில், வீட்டிலிருந்தே காணொளியில் மருத்துவரிடம் பேச உதவும் அரசின் இ-சஞ்சீவனி சேவை வந்தது, தமிழ்நாடு அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் ஒன்று. பல உயிர்களுக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் கிராமத்துப் பெண்ணின் வீட்டில் அந்த அழைப்பு எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கைப்பேசி மகனுடையது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவனும் மகன்தான். ஒலிபெருக்கியில் பேச்சு நடக்கிறது, மருமகளும் பேரனும் அருகில் நிற்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி அப்படி இரண்டு முறை என்னிடம் முழங்கால் வலி என்று மட்டும் பேசினார். பல மாதங்கள் கழித்து நேரில் வந்தபோது, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, மாதவிடாய் நின்று ஆண்டுகள் ஆன பிறகு தனக்கு மீண்டும் இரத்தப்போக்கு இருப்பதைச் சொன்னார். அந்த இரண்டு அழைப்புகளிலும் அது இருந்திருக்கிறது. மகன் எதிரில் எப்படிச் சொல்வது என்று அவர் என்னைக் கேட்டபோது, "வீட்டில் தனியாக இருக்கிறீர்களா?" என்று நான் ஒரு முறைகூடக் கேட்காதது உறைத்தது. அதற்குப் பிறகு எந்த அழைப்பிலும் என் முதல் கேள்வி அதுதான்.

மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் நேரில் காட்ட வேண்டும். பெரும்பாலும் அது சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோய் ஆரம்ப நிலையிலேயே காட்டும் அறிகுறியும் அதுதான் என்பதால், தள்ளிப்போடுவது கையில் இருக்கும் வாய்ப்பை விட்டுவிடுவதாகும்.

நத்தம் சாலை அவர்களே, உங்கள் அம்மாவுக்கு: ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அளவு இன்றைக்குப் போதாமல் இருக்கலாம், மிகையாகவும் இருக்கலாம். சிறுநீரகச் செயல்பாடு, உப்புகள், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்காமல் அதே மாத்திரையைத் தொடர்வது நல்லதல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, மாதவிடாய் நின்றவர்களுக்கு அவ்வளவு நம்பகமானதல்ல. பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்ப்பது) அல்லது ஹெச்பிவி (அங்கே புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். அறைக்குள் அவரைத் தனியாகப் பேச விடுங்கள்.

பதில் 4: வைகைக்கரை

சுருக்கமாக ஒன்று. தடுப்பூசி போட்ட கையின் அக்குளில் சிலருக்கு நெறி கட்டும், சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தியாக இருந்ததால்தான், என் அத்தைக்கு 2021-இல் இடது அக்குளில் தட்டுப்பட்ட கட்டியை வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. அவரே "ஊசி நெறி" என்று பெயர் வைத்துவிட்டார். எட்டு மாதமாகியும் வடியாத பிறகுதான் காட்டினோம். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, இப்போது நலமாக இருக்கிறார், மாத்திரை எடுக்கிறார். அந்த எட்டு மாதத்தில் மார்பையும் தொட்டுப் பார்த்தீர்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் ஊசி போட்டார்கள் என்றுகூட நாங்கள் சரியாக யோசிக்கவில்லை. அவர் ஊசி போட்டுக்கொண்டது வலது கையில்.

நத்தம் சாலை (கேள்வி கேட்டவர்)

எழுதிய எல்லோருக்கும் நன்றி. வைகைக்கரை எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

சென்ற வாரம் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் வாதம் செய்யவில்லை. செல்லோடேப் ஒட்டிய சீட்டை வாங்கி, "இந்த எழுத்து எனக்குப் புரியவில்லை, புதிதாக எழுதி வாங்கிவருவோம்" என்றேன். சேலத்துச் சகோதரி சொன்னபடி ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். பேருந்தில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதலில் தலைசுற்றல், அடுத்து தூக்கமின்மை. மூன்றாவதாக ஏதோ சொல்ல வந்தவர், பக்கத்து இருக்கையில் இருந்தவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மருத்துவர் அறைக்குள் நான் போகவில்லை. கால் மணி நேரத்துக்கும் மேலாகக் கதவு மூடியிருந்தது. இரத்த அழுத்தம் 170-க்கு 100 இருந்ததால் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், இரத்தப் பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு பரிசோதனைக்கும் ஒரு சீட்டு இருந்தது. அது எதற்கென்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டாவது சீட்டில் இருந்த தேதியைப் பார்த்து, சமையலறையில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அந்த நாளின் தாளை மட்டும் மூலையில் மடித்துவைத்தார். அன்று உடன் வருவதற்கு விடுப்பு சொல்லியிருக்கிறேன்.